சித்திரை வெயிலில் ஹஸ்கி

தமிழ்நாடு அரசு 2024-இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெயிலுக்கு ஒத்துவராத இனங்களைக் குட்டி போடவைத்து விற்கக் கூடாது என்கிறது. சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மாலமூட், நார்வேஜியன் எல்க்ஹவுண்ட் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல முடிவு, முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் சேலத்திலும் நாமக்கல்லிலும் ஏற்கெனவே வீடுகளில் வளரும் ஹஸ்கிகள் இந்தச் சித்திரையைத் தாண்டியாக வேண்டுமே!

"அண்ணா, பாவம் ரொம்ப இளைக்குதுங்க. மொட்டை போட்டு விட்டரட்டுங்களா?" என்று எங்கள் தெருத் தம்பி ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். வெயில் நேராகத் தோலில் படாமல் தடுப்பதே அந்த மேல்முடிதான். எடுக்க வேண்டியது அடியில் உதிர்ந்து அடைந்துகிடக்கும் பஞ்சு முடியை. தொடைப் பக்கம் சீப்பை வைத்து வாரினோம். வெள்ளை வெள்ளையாகக் கை நிறைய வந்தது. அப்படியே காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பார்த்தோம். கால் விரலிடுக்கில் ஒன்று ஒட்டியிருந்தது. உண்ணிக் காய்ச்சல் கண்டால் எவ்வளவு திடமான நாயும் ஒடுங்கிவிடும். தினமும் பார்க்கத்தான் வேண்டும்.

சைபீரியாவின் சுக்சி மக்கள் பனியில் நெடுந்தூரம் வண்டி இழுக்க வளர்த்த இனம் இது. சும்மா கட்டிப்போட்டால் ஊளையிடும், மண்ணைப் பறிக்கும், காம்பவுண்டு சுவரைத் தாண்டும். காவலுக்கு ஆகாது, புது ஆளிடமும் வாலாட்டிக்கொண்டு போகும். கோழியைக் கண்டால் மட்டும் விடாது. நாமக்கல் பக்கம் அவிழ்த்துவிட்டால் ஊர்ச் சண்டைதான்.

ஆகவே நடை கட்டாயம் வேண்டும்; அதுவும் பொழுது விடிவதற்குள். சாயங்காலம் கூட்டிப்போவதானால் புறங்கையைத் தார்ரோட்டில் வைத்துப் பாருங்கள். நமக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். மதியம் மொட்டைமாடியில் கட்டுவது பெரும் கொடுமை. நாய்க்குப் பாதத்தில்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்ற சூட்டையெல்லாம் இளைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். உடல் சூடு 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

எச்சில் கொழகொழவென்று வழிந்து, நடை தள்ளாடினால் காத்திருக்காதீர்கள். வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, ஃபேனைப் போட்டு, உடனே டாக்டரிடம் கிளம்புங்கள். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. போகும் வழியிலும் ஈரம் காயவிடாதீர்கள்.