நாய்க்கு முந்திய கணக்கு

மன்னார்த் தீவில் தோட்டவெளிப் பக்கம் யாரோடு கதைத்தாலும் பேச்சு காற்றாலையில்தான் வந்து நிற்கிறது. தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை 30 கோபுரங்களை நட்டு, 103.5 மெகாவாட் ‘தம்பபவனி’யை 2020 டிசம்பரில் திறந்தது. அதில் அடிபட்டுப் பறவை சாகிறதா? “சாகுது தம்பி” என்பார்கள் கடற்தொழில் செய்யும் அண்ணைமார். “எத்தனை கண்டனீங்கள்?” என்பார்கள் கோப்போடு வருகிறவர்கள்.

இந்தக் ‘கண்டது’தான் சிக்கலே. செத்த பறவையைத் தேடுகிறவர் கோபுரத்தைச் சுற்றி வரிசை பிடித்து, மண்ணைப் பார்த்தபடி நடப்பார். ஆனால் அவருக்கு முன்னமே நாய் வந்து போயிருக்கும். நாய் விட்டதைக் காகம் இழுத்துவிடும். பற்றைக்குள் கிடப்பது கண்ணில் படாது. கடலில் விழுந்தது அலையோடு சரி. அதனால்தான் ஒழுங்காக ஆய்வு செய்கிறவர்கள், முதலில் தாங்களே சில உடல்களைப் போட்டுவைத்து, எத்தனை நாள் கிடக்கின்றன, தேடுகிறவர் எத்தனையைக் காண்கிறார் என்று சோதிப்பார்கள். பத்தில் ஐந்துதான் அகப்பட்டால், கண்டெடுத்த ஒன்றை இரண்டாகக் கொள்ளவேண்டும். இந்தத் திருத்தம் இல்லாத அறிக்கை நாய்களுக்குச் செய்த உபகாரம்.

உயிருள்ள பறவையைப் பின்தொடர்வது இன்னொரு வழி. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சம்பத் செனவிரத்னவின் குழு மன்னாரில் கடற்காகங்களைப் பிடித்து ஜிபிஎஸ் கருவி பூட்டியது. ‘மேகா’ என்று பெயர் வைத்த ஒன்று 2021 இல் ரஷ்யாவின் வடதுருவக் கரைவரை போய்த் திரும்பிற்று. போக வர ஏறத்தாழ 19,000 கிலோமீற்றர். நம் வாடியில் மீன்குடல் பொறுக்க அடிபடுகிற அதே சாதிதான்!

இப்படிப்பட்ட விருந்தாளிகள் ஐப்பசி வாக்கில் வந்து பங்குனி, சித்திரையில் புறப்படுகிறார்கள். ஆகவே வைகாசியில் ஒரு வாரம் வந்து எண்ணிப்போவது எண்ணமாட்டேன் என்பதற்குச் சமம். கோபுரம் நட்டபிறகு எண்ணத் தொடங்கினாலும், எதோடு ஒப்பிடுவது?

இங்கே காற்றாலை அமைக்கும் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. ஆனாலும் புதிய கோபுரங்களுக்கு எதிராக ஓகஸ்டில் மன்னார் சனம் வீதியில் இறங்கியது. கோபுரம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். விடியப்புறம் கரைவலைக்குப் போகிறவர்கள் நாய்க்கு முந்தி அங்கே நிற்கிறார்கள். எல்லோர் மடியிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. அவர்கள் எடுக்கிற படம், திகதி, கோபுர இலக்கம் மூன்றையும் பதிய அறிக்கையில் ஒரு நிரல் ஒதுக்க என்ன செலவாகிவிடும்?