ஸ்குவாடில் நாலாவது ஆள்

ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம், 2025-க்கான வரைவு விதிகளை மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 அக்டோபரில் வெளியிட்டது. கருத்துச் சொல்ல அந்த மாதம் 31ஆம் தேதி வரை அவகாசம் இருந்தது. அந்தச் சட்டம் விதித்த பண விளையாட்டுத் தடை பற்றிச் செய்தித்தாள்கள் வேண்டிய அளவு எழுதிவிட்டன. தடையை வரவேற்கிறோம், அதனால் வேலை இழந்த நம் கேம் துறையினரை நினைத்து வருந்துகிறோம். நமக்கு வேலை இருப்பது இ-ஸ்போர்ட்ஸ் பகுதியில்.

வெற்றி தோல்வியை உடல் லாவகம், மனக்கூர்மை, வியூகச் சிந்தனை போன்ற திறன்கள் மட்டுமே தீர்மானிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் இலக்கணம். இதை ஒரு போட்டி நடுவர் எப்படிப் படிப்பார்? தாடையால் ஸ்விட்சைத் தட்டி ஆடுபவரின் ரீமேப்பிங் திறமையில் சேருமா, கள்ள ஆட்டத்தில் சேருமா? இரண்டே விரல் இயங்குபவர் வைக்கும் மேக்ரோவை ஆன்டி-சீட் மென்பொருள் என்னவென்று எடுத்துக்கொள்ளும்? 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட், அங்கீகாரம் இல்லாத துணைக்கருவிகளை எக்ஸ்பாக்ஸில் முடக்கியபோது, ஏமாற்றுக் கருவிகளோடு தங்கள் கருவிகளும் போய்விடுமோ என்று மாற்றுத்திறனாளிகள் பதறியது நினைவிருக்கும். அனுமதிக்கப்பட்ட கருவிகளுக்கு ஒரு பட்டியலை விதியிலேயே சேர்த்துவிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலருக்கு 3.5 மி.மீ. பின் வைத்த ஸ்விட்ச் செய்து தரக்கூடிய கைகள் மும்பையை அடுத்த நம் உல்லாஸ்நகரிலேயே உண்டு. அந்த ஸ்விட்சும் பட்டியலில் ஏற வேண்டும்.

கருவியோடு சிக்கல் முடிவதில்லை. மாற்றுத்திறனாளி ஒருவர் தனியாக ஆட்டத்தை முடித்துவிட்டால் நம் டெஸ்டிங் அறிக்கையில் டிக் விழுந்துவிடுகிறது. அவர் யாரோடு ஆடினார் என்று எவரும் கேட்பதில்லை. 2020இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் அமைப்புகளோடு வந்ததைக் கொண்டாடினோம். அது ஒற்றை ஆள் ஆடும் ஆட்டம்.

தாராவியிலும் செம்பூரிலும் பையன்கள் ஆடுவது பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா). நாலு பேர் ஸ்குவாடு. நட்பு வளர்வதெல்லாம் வாய்ஸ் சாட்டில்தான். காது கேளாத பையன் பிங் அடித்து எதிரி ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டிவிடுவான். ஆனால் "மச்சான், நீ போய்ச் சாவு, லூட்ட நான் பாத்துக்கிறேன்" என்ற கேலி அவனுக்கு எட்டாது. கொஞ்ச நாளில் நாலாவது இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ராத்திரி ஆட்டத்தின் பேச்சு மறுநாள் டீக்கடையிலும் தொடரும். அங்கேயும் அவன் வெளியாள். அண்ணன் தங்கை உறவும், காதலும்கூட இன்று ஆட்டத்தின் லாபியில்தான் கதை பேசுகின்றன. 2017 முதல் எக்ஸ்பாக்ஸில் உள்ள கோபைலட் வசதியில் தங்கை நடத்த, அண்ணன் சுடலாம். இரண்டு கன்ட்ரோலரும் ஒரே ஆட்டக்காரரின் கணக்கு. நம் சட்டத்தின் கண்ணில் அந்த ஜோடி யார்?

அமெரிக்காவில் 2010இல் வந்த தொடர்பு அணுகல் சட்டத்திலிருந்து வீடியோ கேம்களுக்கு முதலில் விலக்கு அளிக்கப்பட்டது. 2018 டிசம்பர் 31உடன் அது முடிந்தது. அதன் பின் வரும் ஆட்டங்களில் சாட் வசதியை அணுகும்படி அமைப்பது அங்கே சட்டக் கடமை. இங்கே அது தயாரிப்பாளரின் தயவு.

தில்லிக்கு இது தெரியாதா? ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், 2016-இன் 30ஆம் பிரிவு, விளையாட்டில் அவர்கள் பங்கேற்கவும் அதற்கேற்ற தொழில்நுட்பம் வளரவும் அரசைப் பொறுப்பாக்குகிறது. இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு என்று அறிவித்த கையோடு அந்தப் பிரிவும் கூடவே வந்துவிட்டது. ஆனால் வரைவு விதி முன்மொழிந்த ஆணையத்தில் தகவல் ஒலிபரப்புக்கு ஒரு நாற்காலி, இளைஞர் நலனுக்கு ஒன்று, நிதிச் சேவைத் துறைக்கு ஒன்று. மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறைக்கு அதில் நிற்கவும் இடமில்லை. காசு போனால் கேட்க ஆள் உண்டு. கூட்டாளி போனால் கேட்க நாதியில்லை! அதே 2016 சட்டத்தின் அணுகல் விதி 15 வெறும் பரிந்துரையாகக் கிடந்ததை 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ராட்டூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்ல வேண்டியிருந்தது. 2017இல் எழுதிய விதியின் ஓட்டை தெரிய ஏழு ஆண்டு. இன்னொரு ஏழு ஆண்டு காத்திருக்க நம்மால் ஆகாது.

ஆகவே நம் கோரிக்கை மூன்று. ஆணையத்தில் மாற்றுத்திறனாளிகள் துறைக்கு இடம் வேண்டும். துணைக்கருவி, ரீமேப்பிங், கோபைலட் ஆகியவற்றை ஏற்கும் பட்டியல் விதியிலேயே இருக்க வேண்டும். இ-ஸ்போர்ட்ஸாகப் பதிவாகும் எந்த ஆட்டத்திலும் வாய்ஸ் சாட்டுக்கு நேரடி எழுத்துவடிவம் கட்டாயமாக வேண்டும். டெவலப்பர்களும் டெஸ்டர்களும் நிறுவனத்தின் பெயரில் ஒன்று, சொந்தப் பெயரில் ஒன்று என அமைச்சகத்துக்கு எழுதுங்கள்.