பார்சல் பிரிக்கும் வீடியோ எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

விழுப்புரம் நேருஜி சாலையிலும் திண்டிவனம் நேரு வீதியிலும் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் நண்பனின் கல்யாணத்துக்கோ தங்கையின் பிறந்தநாளுக்கோ யாரும் தந்திராத பரிசு வேண்டுமென்றால் பிள்ளைகள் கைப்பேசியைத்தான் தடவுகிறார்கள். தட்டினால் நிறம் மாறும் நிலா விளக்கு, புகைப்படம் பொறித்த சாவிக்கொத்து, நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தாங்கும் குட்டிக் குரங்கு. வாங்கட்டும். இதையெல்லாம் வெட்டிச் செலவு என்று கடிந்துகொள்வது தலையங்கத்தின் வேலையல்ல. மயிலம் பங்குனி உத்திரத்திலும் மேல்மலையனூர் அமாவாசையிலும் பொம்மைக் கடை முன்னால் நின்ற தலைமுறைக்கு அப்படிக் கடிந்துகொள்ளும் தகுதியும் கிடையாது. அந்தக் கடைகளில் சாவி கொடுத்து ஓட்டிக் காட்டிய பிறகுதான் காசு கைமாறும்.

இப்போது காசு முதலில் போய்விடுகிறது. பொருள் வரும்போது படத்தில் பார்த்ததில் பாதி அளவில் இருக்கிறது, அல்லது சார்ஜ் ஏறுவதில்லை. கேட்டால் வரும் முதல் பதில், “பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?” எடுக்கவில்லை என்றால் பேச்சு முடிந்தது. எடுத்திருந்தாலும், “முதலிலிருந்து இல்லையே, நடுவில் கட் ஆகியிருக்கே” என்பார்கள். சமூக ஊடகப் பக்கம் நடத்தும் விற்பனையாளர்களில் பலர் இதை ஏதோ அரசாணை போலவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்படி எந்த ஆணையும் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீதில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாள். ரசீதே தராமல் விற்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் இன்னும் வெளிப்படையானவை: பொருள் பழுதாக இருந்தாலும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலும், சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தாலும் விற்றவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வீட்டிலிருந்தபடி தொடர்ந்து வியாபாரம் செய்கிறவரையும் இந்த விதிகள் விடுவதில்லை. வீடியோ நல்ல சான்றாகலாம், ஆனால் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமைக்கு அது நிபந்தனையாகாது.

வியாபாரிகள் தரப்பிலும் உண்மை இருக்கிறது. புதுப் பொருளை எடுத்துக்கொண்டு பழையதை வைத்துத் திருப்பி அனுப்பும் வாடிக்கையாளர்கள் உண்டு. முன்னூறு ரூபாய்ச் சரக்குக்கு இருவழிக் கூரியர் செலவைத் தாங்குவது சிறு வியாபாரிக்குக் கஷ்டம்தான். அப்படியானால் பொருளை ஓட விட்டு, பெட்டியில் வைத்து, ஒட்டுவது வரை அவரே வீடியோ எடுக்கலாமே. நிரூபிக்கும் சுமை முழுவதையும் ஏன் வாங்குகிறவர் தலையில் ஏற்ற வேண்டும்?

ஏற்ற முடிகிறது, அதனால் ஏற்றுகிறார்கள். “நானூறு ரூபாய்தானே, போகட்டும்” என்று நாம் விட்டுவிடுவோம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆளுக்கு நானூறாக ஆயிரம் பேர் விட்டால் நான்கு லட்சம். பரிசாகப் போன பொருள் என்றால் கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. வாங்கிக் கொண்டவர் பழுதைச் சொல்வதில்லை. சொன்னாலும் கொடுத்தவர் வெளியே பேசுவதில்லை.

விநோதப் பொருள் என்றால் விளையாட்டுப் பொருள் என்றும் நினைக்க வேண்டாம். சீட் பெல்ட் போடாமலே காரின் எச்சரிக்கை ஒலியை அடக்கும் சிறு கிளிப் ஒன்று இணையச் சந்தைகளில் தாராளமாகக் கிடைத்தது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய தளங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. அதையொட்டி நீக்கப்பட்ட விற்பனைப் பதிவுகள் 13,118. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஊடறுத்துப் போகும் இந்த மாவட்டத்துக்கு அதன் ஆபத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

பெருந்தளங்களை தில்லி கவனிக்கிறது. சிறு பக்கங்களை இங்கிருந்துதான் கேட்க முடியும். வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்கிறது சட்டம். விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. விண்ணப்பித்தால் விசாரணையைக் காணொலி வழியாகவே நடத்த இடமுண்டு. சட்டம் பேசும் வீடியோ அது ஒன்றுதான்! இருந்தும் நானூறு ரூபாய்க்காகத் திண்டிவனத்துக்காரர் விழுப்புரத்துக்குப் பேருந்து ஏறுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே மாவட்ட நிர்வாகம் திண்டிவனத்தில் வாரம் ஒரு நாளாவது, இ-சேவை மையத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ, இணையவழி நுகர்வோர் புகாரை எழுதிப் பதிவுசெய்து தர ஓர் ஆளை உட்கார வைக்க வேண்டும். பள்ளிகளில் இருக்கும் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள் ஓவியப் போட்டியோடு நின்றுவிடாமல், மாணவர்களின் சொந்தப் பார்சல் புகார்களை 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்யக் கற்றுக்கொடுக்கட்டும். ஒரே பக்கத்தின் மீது பத்துப் புகார்கள் சேர்ந்தால், பதினோராவது ஆள் வரும்வரை காத்திராமல் மாவட்ட ஆட்சியரே விசாரிக்கலாம். அந்த அதிகாரத்தையும் 2019 சட்டம் அவருக்குத் தந்திருக்கிறது. வழக்குத் தொடரக் காலவரம்பு இரண்டு ஆண்டு என்பதால், போன தீபாவளிக்கு வந்து எரியாமல் போன விளக்குக்கும் இன்று மனு கொடுக்கலாம்.