ஆறு இருக்கை, மூன்று ஆள்

எங்கள் தெரு எரிந்தபோது எனக்கு ஒன்பது வயது. சித்திரை மாதம், உச்சி வெயில், பெரியவர்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரம். முதல் வீட்டுக் கீற்றில் பற்றிய தீ அடுத்த கூரைக்குத் தாவ எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கோடி வீட்டு ஆயா ஆட்டை அவிழ்த்து விட்டுத் திரும்புவதற்குள் அவர் வீடு போய்விட்டது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

தீயணைப்பு வண்டி வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர்த்தெரு முடிகிற இடத்தில், தார்ச்சாலையோடு நின்றுவிட்டது. சேரிக்குள் வரும் பாதை மாட்டுவண்டி அகலம்தான். அங்கிருந்து ஹோஸை ஒன்றோடொன்று மாட்டி இழுத்துக்கொண்டு ஓடி வந்தவர்கள் இரண்டே பேர். மூன்றாமவர் ஓட்டுநர், அவர் பம்பை விட்டு நகர முடியாது. எங்கள் பையன்களே ஹோஸைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பதினான்கு வீடுகள் சாம்பல். "ரெண்டு பேரு வந்து என்னத்த அணைக்கிறது" என்று அம்மா பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெண்மணி என்றாலே தீ என்று கற்று வளர்ந்தவர்கள் நாம். 1968 டிசம்பர் 25இல் 44 பேரை எரித்தவர்களைப் பற்றி இன்றும் பேசுகிறோம், பேச வேண்டும். நம் மீது வைக்கப்பட்ட தீயைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அணைக்க ஆள் வராத தீயைப் பற்றி நாம் பேசியதில்லை.

அந்த இரண்டு பேர் மீது எங்கள் தெருவுக்கு நெடுநாள் கோபம் இருந்தது. என் பெரியப்பா மகன் தீயணைப்புத் துறையில் சேர்ந்த பிறகுதான் அந்தக் கோபம் இடம் மாறியது. "வண்டியில ஆறு பேருக்கு சீட்டு இருக்குடா தம்பி. ஏறுறது மூணு பேரு, நல்ல நாள்ல நாலு பேரு" என்றார் அண்ணன். தண்ணீர் வண்டி ஒன்றுக்கு ஒரு முன்னணித் தீயணைப்பாளர், ஓட்டுநர், நான்கு தீயணைப்பாளர்கள் என்பதுதான் இந்தியாவில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் அளவு. ஒருவர் பம்பில் நிற்பார். இருவர் ஹோஸின் முனையைப் பிடிப்பார்கள், அழுத்தத்தில் அது ஒருவர் கையில் நிற்காது. இன்னும் இருவர் உள்ளே யாராவது சிக்கியிருக்கிறார்களா என்று தேட வேண்டும். ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக் கட்டளையிட வேண்டும். மூன்று பேர் வந்தால் இதில் எதை விடுவது? அண்ணனின் பதில்: "தேடுறதைத்தான் விடணும்."

அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனம் இதை அளந்தே பார்த்தது. 2010இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு வீட்டுத் தீயில் செய்ய வேண்டிய 22 வேலைகளை நான்கு பேர் கொண்ட குழுக்கள் இரண்டு பேர் குழுக்களைவிட 30 விழுக்காடும், மூன்று பேர் குழுக்களைவிட 25 விழுக்காடும் விரைவாக முடித்தன. வீடும் கருவிகளும் எல்லாருக்கும் ஒன்றுதான். மாறியது ஆள் எண்ணிக்கை மட்டுமே. கீற்றுக் கூரைக்கு அந்த 25 விழுக்காடு நேரம் என்பது ஒரு தெரு.

இனி பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். 2023 ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலத் தீயணைப்புத் துறைகளை விரிவுபடுத்தி நவீனப்படுத்த 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. பெரும்பாலான மாநிலங்கள் தம் பங்காக 25 விழுக்காடு போட வேண்டும். புதிய நிலையங்கள், பயிற்சி மையங்களை வலுப்படுத்துவது, நவீனக் கருவிகள், தலைமையகம், தொழில்நுட்ப மேம்பாடு என்று போகிறது பட்டியல். எல்லாம் தேவைதான். அந்தப் பட்டியலில் தீயணைப்பாளர் சம்பளம் என்ற தலைப்பு மட்டும் இல்லை. வண்டிக்கு ஒருமுறை பணம் கொடுத்தால் போதும், கொடியசைத்துப் படமும் எடுத்துக்கொள்ளலாம். ஆளுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டும், பிறகு ஓய்வூதியம் கேட்பார். கணக்கு எழுதுபவரின் பேரேட்டில் முதலாவதன் பெயர் மூலதனச் செலவு, இரண்டாவதன் பெயர் சுமை.

இந்த மனநிலை ஒரு கட்சிக்கு மட்டும் உரியது இல்லை. 2018இல் அதிமுக அரசு, தேவையற்ற பணியிடங்களையும் வெளிமுகமைக்கு விடக்கூடிய பணியிடங்களையும் கண்டறிய ஆதிசேஷய்யா குழுவை அமைத்தது. அதை எதிர்த்த திமுக ஆட்சிக்கு வந்து, 2022இல் அரசாணை 115 மூலம் ஏறத்தாழ அதே வேலைக்கு இன்னொரு குழுவை அமைத்தது. ஊழியர் சங்கங்கள் கொதித்த பிறகே அதன் ஆய்வு வரம்புகள் திரும்பப் பெறப்பட்டன.

சங்கங்கள் இதைத் தொழிலாளர் உரிமை என்றே பேசின. சரி. எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. தமிழ்நாட்டில் அரசுப் பணியிடம் என்றால் 69 விழுக்காடு இடஒதுக்கீடு. அதில் அருந்ததியர் உள்ஒதுக்கீடு உட்பட 18 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கு, 1 விழுக்காடு பழங்குடியினருக்கு. நிரப்பாமல் விட்ட ஒவ்வொரு நூறு இடத்திலும் நம் பிள்ளைகளின் பத்தொன்பது வேலை காணாமல் போகிறது. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர் தேர்வோடு சேர்த்துத்தான் தீயணைப்பாளர் தேர்வும் நடக்கிறது. விடியற்காலையில் பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடும் சேரிப் பையன்கள் அந்த அறிவிப்புக்காகத்தான் ஓடுகிறார்கள். வண்டி வாங்கும் டெண்டரில் இடஒதுக்கீடு கேட்க முடியாது. வெளிமுகமை நிறுவனத்திடமும் சுழற்சிப் பட்டியல் எங்கே என்று கேட்க முடியாது.

ஆளைக் குறைத்துவிட்டு எந்திரத்தையும் கணிப்பையும் நம்பினால் என்ன ஆகும் என்பதை, உலகின் பணக்கார நகரங்களில் ஒன்று செய்தே பார்த்துவிட்டது. 1960களின் இறுதியில் நியூயார்க்கில் தீ விபத்துகள் பெருகின. மேயர் ஜான் லிண்ட்சே, ராணுவத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த ராண்ட் நிறுவனத்தை நகர நிர்வாகத்துக்கு அழைத்துவந்தார். ராண்டின் வல்லுநர்கள் தண்ணீரில் ஒரு வேதிப்பொருளைக் கலந்து வழுக்கும் தண்ணீர் ஆக்கினார்கள். உராய்வு குறையும், மெல்லிய ஹோஸிலேயே அதிகத் தண்ணீர் போகும். மெல்லிய ஹோஸ் என்றால் இழுக்கக் குறைந்த ஆள் போதும் அல்லவா? அடுத்து, எந்த நிலையத்தை மூடலாம் என்று சொல்ல ஒரு கணினி மாதிரியை உருவாக்கினார்கள்.

அந்த மாதிரி முதன்மையாக அளந்தது, வண்டி வந்துசேர ஆகும் நேரம். ஏழைகளின் பகுதிகளில் நிலையங்கள் நெருக்கமாக இருந்தன, ஏனென்றால் அங்கே வீடுகள் நெருக்கம், தீயும் அதிகம். கணினி இதைப் பார்த்து, ஒன்றை மூடினாலும் பக்கத்து நிலையம் சமாளிக்கும் என்றது. பக்கத்து நிலையத்து வண்டி எப்போதும் வேறொரு தீயில் நின்றுகொண்டிருக்கும் என்பது கணக்கில் ஏறவில்லை. 1972 முதல் வண்டிக் குழுக்கள் கலைக்கப்பட்டன. (பம்பாயில், கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயர் எடுத்து தலித் சிறுத்தைகள் தொடங்கிய அதே ஆண்டு.) வெட்டு அதிகம் விழுந்தது தெற்கு பிராங்க்ஸ் போன்ற கறுப்பர், புவேர்ட்டோ ரிக்கர் பகுதிகளில். அரசியல் செல்வாக்குள்ள பகுதி என்றால் கணினி சொன்னதையும் மீறி நிலையம் தப்பித்தது. 1975இல் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்தபோது, மிச்சமிருந்த ஆட்களிலும் பலரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மறு ஆண்டு நகர வீட்டுவசதி நிர்வாகி ரோஜர் ஸ்டார், இப்படிப்பட்ட பகுதிகளைத் திட்டமிட்டே சுருக்கிவிடலாம் என்று வெளிப்படையாகப் பேசினார்.

1970க்கும் 1980க்கும் இடையில் பிராங்க்ஸில் ஏழு கணக்கெடுப்பு வட்டாரங்கள் தம் கட்டடங்களில் 97 விழுக்காட்டுக்கு மேல் இழந்தன. தீயும் கைவிடப்பட்டதும்தான் காரணம். காப்பீட்டுப் பணத்துக்காக வீட்டுக்காரர்களே கொளுத்தியதும் அதில் உண்டு. கடன் தர வங்கிகள் மறுத்து அந்தப் பகுதியை நோஞ்சானாக்கியதும் உண்டு. எல்லாப் பழியையும் ராண்டின் கணினி மீது போட்டுவிட முடியாது. ஆனால் அப்போது நகரத்தில் புழங்கிய விளக்கம் வேறு: "அவர்களே தங்கள் வீடுகளைக் கொளுத்திக்கொள்கிறார்கள்." இந்த வாக்கியத்தை நாம் எத்தனை சாதிக் கலவரங்களுக்குப் பிறகு கேட்டிருக்கிறோம்!

எரிந்தது யார் வீடு என்பது ஒரு பாதி. அணைக்கும் வேலை யாருக்குக் கிடைத்தது என்பது மறு பாதி. நியூயார்க்கின் கறுப்பினத் தீயணைப்பாளர்கள் 1940லேயே வல்கன் சங்கத்தைத் தொடங்கினார்கள். அறுபது ஆண்டுகள் கழித்தும், நான்கில் ஒருவர் கறுப்பரான அந்த நகரத்தில் தீயணைப்பாளர்களில் கறுப்பர்கள் சுமார் 3 விழுக்காடுதான். வல்கன் சங்கம் தொடர்ந்து போராடியது. 2007இல் அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்தது. எழுத்துத் தேர்வே பாகுபாடானது என்று 2009இல் நீதிமன்றம் சொன்னது. 2014இல் 98 மில்லியன் டாலர் தருவதாக நகரம் ஒத்துக்கொண்டது. மெரிட், மெரிட் என்று நம்மிடம் பேசுபவர்களுக்கு இந்த வழக்கைச் சொல்லிப் பாருங்கள்.

நான் எந்திரங்களுக்கு எதிரி இல்லை. மலக்குழியில் மனிதன் இறங்கக் கூடாது, எந்திரம் இறங்கட்டும் என்று கத்திக்கொண்டிருக்கும் இயக்கத்தைச் சேர்ந்தவன் எப்படி எதிரியாக இருக்க முடியும்? கழிவுநீர்த் தொட்டியில் நம் ஆட்கள் மூச்சுமுட்டிச் செத்த பிறகு உடலை எடுக்க வருவதும் தீயணைப்புத் துறைதான். முதுகில் காற்று உருளை, முகத்தில் கவசம், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார்கள். அண்ணனும் அப்படி இறங்கியிருக்கிறார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. "எனக்குப் போட்டு இறக்குன செட்டை அவனுக்குப் போட்டு இறக்கியிருந்தா நான் எதுக்கு?" என்றார். 1993லும் 2013லும் சட்டம் போட்ட ஒரு நாட்டில், பிணத்தைத் தூக்க இருக்கும் கருவி உயிரோடு இறங்கியவனுக்கு இருந்ததில்லை. (அவனை இறக்கியதே குற்றம் என்பதை அண்ணனிடம் அன்று நான் சொல்லவில்லை.)

அதனால் எந்த எந்திரம், யாருக்காக, அதில் ஏற எத்தனை பேர் என்பதே என் கேள்வி. மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களில் 90 மீட்டர் உயரம் எட்டும் ஏணி வண்டிகள் இருக்கின்றன. முப்பதாவது மாடியில் இருப்பவரின் உயிரும் உயிர்தான், வாங்கட்டும். ஆனால் எங்கள் தெருவுக்குத் தேவை மேலே நீளும் வண்டி இல்லை, உள்ளே நுழையும் வண்டி. சந்துக்குள் போகக்கூடிய சிறிய தண்ணீர் வண்டி, பம்பு பொருத்திய இருசக்கர வண்டி எல்லாம் இருக்கவே இருக்கின்றன. அவற்றுக்குக் கொடியசைப்பு விழா அவ்வளவு எடுப்பாக இருக்காது.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16இல் 94 குழந்தைகள் எரிந்துபோன பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைக்குத் தடை வந்தது. நம் வீடுகளின் கூரையை மாற்றி, குடிசை இல்லாத தமிழ்நாடு ஆக்க இப்போது 2030 என்று கெடு வைத்திருக்கிறார்கள். அதுவரையாவது கூரைக்குக் கீழே தூங்குபவர்களுக்கு வண்டியும் வேண்டும், வண்டியிலிருந்து குதிக்க ஆளும் வேண்டும்.

சென்ற மாதம் எங்கள் ஊர் நிலையம் குறித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். கேள்விகள் ஐந்து. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை? நிரப்பப்பட்டவை எத்தனை? கடந்த ஓராண்டில் தீ அழைப்புக்குப் புறப்பட்ட ஒவ்வொரு வண்டியிலும் எத்தனை பேர் சென்றார்கள்? காலியிடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரியவை எத்தனை? நிலைய எல்லைக்குள் பெரிய வண்டி நுழைய முடியாத குடியிருப்புகளின் பட்டியல் உண்டா? பத்து ரூபாய்தான் செலவு. உங்கள் ஊரிலும் போடுங்கள் தோழர்களே, பதில்களை ஒன்றாக வைத்துப் பார்ப்போம். மூன்றாவது கேள்வியை அண்ணன்தான் எழுதச் சொன்னார். வண்டி புறப்படும்போது யார் யார் ஏறினார்கள் என்று பதிவேட்டில் எழுதுவார்களாம். பதில் தர முப்பது நாள் கெடு, இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.