எங்களுக்கு ஒரு ப்ளக் பாயிண்ட் கூடவா கிடைக்காது?

மின்சார வண்டி வாங்கச் சொன்னது நாங்களா, நீங்களா? சாலை வரி கிடையாது என்றீர்கள். ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான் என்றீர்கள். மானியம் தருகிறோம் என்றீர்கள். மந்திரி முதல் ஷோரூம் பையன் வரை எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினீர்கள். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய வயிற்றெரிச்சலில் நாங்களும் நம்பினோம், லோன் போட்டு வாங்கினோம். வாங்கி வந்து தெருவில் நிறுத்திவிட்டு, "இதை எங்கே சார்ஜ் போடுவது?" என்று கேட்டால் மட்டும் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறீர்களே!

சொந்த வீடு, கீழே கார் ஷெட், அதில் ஒரு 15 ஆம்ப்ஸ் ப்ளக் எல்லாம் வாய்த்தவனுக்கு மின்சார ஸ்கூட்டர் அருமையான வண்டிதான். மூன்று, நான்கு யூனிட்டில் பேட்டரி நிறைந்துவிடும். ராத்திரி சொருகிவிட்டுப் படுத்தால் காலையில் வண்டி ரெடி. சென்னையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறவன் என்ன செய்வான்? என் வண்டியில் பேட்டரியைக் கழற்ற முடியாது. இரண்டாவது மாடிக்கு வண்டியையா தூக்கிக்கொண்டு போவேன்?

ஹவுஸ் ஓனரிடம் கேட்டேன். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. வேலூர்ல என்ன ஆச்சுன்னு டிவில பார்த்தோம்ல. நாங்க புள்ளகுட்டிக்காரங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில், ராத்திரி சார்ஜ் போட்டிருந்த வண்டி தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறிச் செத்துப் போனார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை 2022 டிசம்பரில் ஒரு கட்டமும் 2023 மார்ச்சில் ஒரு கட்டமுமாக இறுக்கினார்கள். அதை எங்கள் ஹவுஸ் ஓனரிடம் சொன்னது யார்? விளம்பரத்தில் நடிகரை வைத்து ரேஞ்ச் எவ்வளவு, பிக்கப் எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. சப் மீட்டர் வைக்கிறேன், நீங்கள் சொல்லும் ரேட்டைத் தருகிறேன் என்றும் கெஞ்சிப் பார்த்தேன். "ஏற்கெனவே ஸ்லாப் ஏறிடுதுப்பா" என்று கதவைச் சாத்திவிட்டார்.

சரி, வெளியேதான் சார்ஜிங் ஸ்டேஷன்கள் இருக்கின்றனவே என்பீர்கள். மேப்பைத் திறந்தால் பச்சைப் புள்ளியாகத்தான் கொட்டிக் கிடக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் 8 சதவீதத்தில் ஒரு பெட்ரோல் பங்க்குக்குப் போனேன். சார்ஜ் அவ்வளவு இறங்கிவிட்டால் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்ன் அடித்தே என்னை ஓரம் கட்டிவிட்டார். பங்க்கில் ஆளுயரப் பெட்டி, கைப்பிடி மொத்தத்தில் கேபிள், முனையில் இரண்டு கையால் தூக்க வேண்டிய கன். அங்கிருந்த பையன் என் வண்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "இது கார் கன்னு சார், டூவீலருக்கு ஏறாது." அந்தப் பங்க்கில் வாட்டர் கூலருக்கு ப்ளக் இருந்தது. எனக்குத்தான் இல்லை.

டூவீலருக்கு என்றே இருக்கும் ஸ்டேஷனிலும் கதை இதுதான். ஒரு கம்பெனி வண்டியின் முனை இன்னொரு கம்பெனி சார்ஜரில் பொருந்தாது. சின்ன வண்டிகளுக்கென இங்கேயே உருவான பொது முனைக்கு இந்தியத் தர முத்திரை கிடைத்துவிட்டது என்று 2023ல் அறிவித்தார்கள். எல்லாக் கம்பெனியும் அதற்கு மாறிவிடவில்லை. பொருந்துகிற சார்ஜரைத் தேடிப் பிடித்தால் அது ஆஃப்லைன். ஓடுகிறதென்றால் அதற்கு ஒரு ஆப், அந்த ஆப்புக்கு ஒரு வாலட், அதில் முன்கூட்டியே பணம். இப்படி நாலைந்து வாலட்டில் ஐம்பதும் நூறுமாக என் பணம் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

இன்னொரு அநியாயம் கேளுங்கள். வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், வெளியே சார்ஜ் போட்டால் 18 சதவீதம்! சொந்த வீட்டில் சொருகுகிறவருக்கு இந்த வரி இல்லை, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் உண்டு. ஷெட் வைத்திருப்பவருக்குச் சலுகை, தெருவில் நிறுத்துகிறவனுக்குத் தண்டம். இது எந்த ஊர் நியாயம்?

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நாட்டுக்கே மின்சார ஸ்கூட்டர் செய்து அனுப்புகிறோம். 2024-25ல் மட்டும் இந்தியாவில் 11 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங்குக்கு 2,000 கோடி ரூபாய். இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கு மட்டும் 48,400 சார்ஜர்கள் என்று 2024ல் சொன்னார்கள். 2030க்குள் நகரத்தில் ஒவ்வொரு ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்குள்ளும் ஒரு ஸ்டேஷன் என்கிறது மத்திய மின்துறையின் வழிகாட்டுதல். ஐயா, அந்தக் கட்டத்துக்குள் நிற்பது கார் சார்ஜர் என்றால் எனக்கு அதனால் என்ன லாபம்? 2030 வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டா போவது?

நாங்கள் என்ன கோட்டையா கேட்கிறோம்? ஸ்கூட்டருக்குப் பல லட்சம் ரூபாய் எந்திரம் தேவையில்லை. வண்டியோடு வந்த சார்ஜர் சீட்டுக்கு அடியிலேயே கிடக்கிறது. மிக்சி, கிரைண்டர் போடுவது மாதிரி ஒரு ப்ளக், ஒரு சின்ன மீட்டர், போன் பேயில் காசு கட்ட ஒரு க்யூ.ஆர். கோடு இருந்தால் போதும். 3,500 ரூபாய்க்குள் அடங்கும் சார்ஜர் என்று 2021லேயே நிதி ஆயோக்கும் மத்திய அறிவியல் துறையும் சேர்ந்து திட்டம் சொன்னார்கள். மளிகைக் கடை வாசலிலும் வைக்கலாம் என்றார்கள். எங்கள் தெரு மளிகைக் கடையில் இன்றைக்கும் ஐஸ்கிரீம் பெட்டிக்குத்தான் ப்ளக்.

டீக்கடை அண்ணன் ஒருத்தர் அவ்வப்போது ஒரு மணி நேரம் சார்ஜ் போட விடுகிறார். கடை கனெக்‌ஷன், கமர்ஷியல் ரேட். காசு கொடுத்தால் வாங்க மாட்டார். இரண்டு டீயும் ஒரு பன்னும் கூடுதலாகச் சாப்பிட்டுக் கணக்கை நேர்செய்கிறேன். ஒரு அரசாங்கத்தின் மின்வாகனக் கொள்கை அந்த மனுஷனின் ஸ்விட்ச் போர்டில் தொங்குகிறது.

மாநகராட்சி பார்க்கிங், மெட்ரோ ஸ்டேஷன், ஈ.பி. ஆபீஸ், நூலகம், ரேஷன் கடை, இவை எல்லாமே உங்கள் இடம், உங்கள் கரண்ட். வாசலுக்கு நாலு 15 ஆம்ப்ஸ் ப்ளக் வையுங்கள். சார்ஜிங் மீதான 18 சதவீதத்தை 5 ஆக்குங்கள். தன் செலவில் சப் மீட்டரும் முறையான வயரிங்கும் போடத் தயாராக இருக்கும் வாடகைதாரரை ஹவுஸ் ஓனர் தடுக்கக் கூடாது என்று ஒரு விதி கொண்டுவாருங்கள்.

அதுவரைக்கும், ஷோரூம் வாசலில் நிற்கும் வாடகை வீட்டுக்காரர்களே, டெஸ்ட் டிரைவ் எங்கும் ஓடிப்போய்விடாது. முதலில் ஹவுஸ் ஓனரிடம் ப்ளக் கேளுங்கள்; சரி என்றால் அதை வாடகை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பிறகு அட்வான்ஸ் கட்டலாம்.