குறை ரத்தத்தில் இல்லை

பாரிஸ் ஒலிம்பிக்ஸ் முடிந்த 2024 ஆகஸ்டில், காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டில் டீக்கடைப் பெஞ்சிலும் தறி ஓடும் வீடுகளிலும் ஒரே பேச்சுதான். "நூத்தி நாப்பது கோடிப் பேரு இருக்கோம். ஒரு தங்கம்கூட இல்ல. நம்ம ரத்தத்துலயே விளையாட்டு கிடையாது, விட்டுத் தள்ளு." நீரஜ் சோப்ரா ஈட்டி எறிவதைப் பார்க்க நள்ளிரவு வரை கண்விழித்தவர்களே மறுநாள் இதைச் சொன்னார்கள். பாசம் இருப்பவர்களுக்குத்தான் ஏமாற்றம் வரும். அந்த ஏமாற்றத்தை நான் மதிக்கிறேன். அதிலிருந்து அவர்கள் எட்டும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. அந்த முடிவு தவறானது, வளரும் பிள்ளைகளுக்குக் கெடுதலும் செய்வது. ஆகவே அந்தப் பேச்சில் அடிக்கடி வரும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. "நூற்று நாற்பது கோடிப் பேருக்கு ஆறே பதக்கமா?"

கேட்டவுடன் தலையாட்டத் தோன்றும் கணக்கு இது. 1900-ல் நார்மன் பிரிட்சார்ட் வாங்கிய இரண்டு வெள்ளியையும் சேர்த்து, பாரிஸ் வரை இந்தியாவின் மொத்தப் பதக்கம் 41. குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒலிம்பிக்ஸில் மக்கள்தொகை களம் இறங்குவதில்லை. தடகளத்தில் ஒரு போட்டிக்கு ஒரு நாடு அதிகபட்சம் மூன்று பேரை அனுப்பலாம். மல்யுத்தத்தில் ஓர் எடைப்பிரிவுக்கு ஒருவர், ஹாக்கிக்கு ஓர் அணி. சீனாவுக்கும் இதே விதிதான், சின்னஞ்சிறு தீவு நாட்டுக்கும் இதே விதிதான். பாரிஸுக்கு நாம் அனுப்பியவர்கள் 117 பேர். அமெரிக்கா அனுப்பியது ஏறக்குறைய 600 பேரை.

அந்த 117 பேரும் 140 கோடியையும் சலித்து எடுத்தவர்கள் அல்லர். நீச்சல் குளத்தில் இறங்கிய பிள்ளைகள், துப்பாக்கி பிடித்துப் பார்த்த பிள்ளைகள், ஒரு பயிற்சியாளர் கண்ணில் பட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ, அத்தனை பேரிலிருந்துதான் அவர்கள் வந்தார்கள். நீரஜ் சிறுவயதில் உடம்பைக் குறைப்பதற்காக பானிபட் சிவாஜி ஸ்டேடியத்துக்குப் போனவர். அங்கே ஈட்டி எறிபவர்களைப் பார்த்துத்தான் தானும் ஈட்டியைக் கையில் எடுத்தார். பக்கத்தில் அப்படி ஒரு மைதானம் இல்லையென்றால் 2021-ல் டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து வாங்கிய அந்தத் தங்கமும் இல்லை.

செவிலிமேட்டுக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். ஒரு பட்டுச் சேலை தறியில் உட்காருகிறவர் கையால் மட்டும் உருவாவதில்லை. சாயம் போடுகிறவர், பாவு ஓட்டுகிறவர், ஜக்கார்டு அட்டை அடிக்கிறவர், கோர்வைக்கு நாடா தள்ளுகிறவர் என்று பல கை பட்டால்தான் சேலை தறியிலிருந்து இறங்கும். பாவே வந்து சேராத தறியைக் காட்டி நெசவாளிக்குத் திறமை போதாது என்று நம் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். விளையாட்டு வீரரைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறோம்.

2. "நம் உடம்புக்கும் சாப்பாட்டுக்கும் விளையாட்டு ஒத்துவராது"

1928 முதல் 1956 வரை நடந்த ஒலிம்பிக்ஸ் ஒவ்வொன்றிலும் ஹாக்கித் தங்கம் நமக்கே வந்தது. தொடர்ந்து ஆறு தங்கம். பிறகு 1964, 1980. அந்த 1980 மாஸ்கோ அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன் பிறந்தது ஆரணியில், நம்மைப் போலவே பட்டு நெய்யும் ஊர். மாஸ்கோவைப் பல நாடுகள் புறக்கணித்திருந்தன என்பது உண்மை. அதற்கு முந்தைய ஏழு தங்கத்துக்கு அந்தச் சாக்கு கிடையாது.

உடல்வாகுதான் காரணம் என்றால் ஒரு நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு ஏன் வருகிறது? பாரிஸில் நாம் வாங்கிய ஆறு பதக்கங்களில் ஹாக்கி நீங்கலாக ஐந்து. அந்த ஐந்தில் நான்கு ஹரியானாக்காரர்களுடையவை: நீரஜின் வெள்ளி, மனு பாக்கர் தனியாகவும் சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்தும் வென்ற இரண்டு வெண்கலம், மல்யுத்தத்தில் அமன் சேராவத்தின் வெண்கலம். 2011 கணக்கெடுப்பின்படி ஹரியானாவின் மக்கள்தொகை இரண்டரைக் கோடி, தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். அங்கே ஊருக்கு ஊர் மல்யுத்த அகாடா உண்டு. வென்றவருக்கு வேலையும் பரிசும் தரும் வழக்கத்தை அரசு நீண்ட காலமாகக் கடைப்பிடிக்கிறது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்தும் ஒரு சான்று. 1996 அட்லாண்டாவில் பிரிட்டன் வாங்கியது ஒரே ஒரு தங்கம், பட்டியலில் 36-ஆம் இடம். அடுத்த ஆண்டிலிருந்து தேசிய லாட்டரிப் பணத்தை உயர்நிலை விளையாட்டுக்குத் திருப்பினார்கள். 2012-ல் லண்டனில் 29 தங்கம். பதினாறு ஆண்டுகளில் ஒரு மக்களின் ரத்தம் மாறிவிடாது.

3. "கிரிக்கெட்தான் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது"

இதில் பாதி உண்மை உண்டு. விளம்பரப் பணமும் தொலைக்காட்சி நேரமும் கிரிக்கெட்டுக்கே போகின்றன. பாலாறு வறண்டு கிடக்கும் மாதங்களில் படுகையில் பிள்ளைகள் ஆடுவதும் பெரும்பாலும் கிரிக்கெட்தான். ஆனால் ஹாக்கியை வீழ்த்தியது கிரிக்கெட் என்பது வரலாற்றோடு பொருந்தவில்லை. 1975-ல் கோலாலம்பூரில் ஹாக்கி உலகக் கோப்பையை வென்றோம். மறு ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் ஏழாம் இடம். இடையில் நடந்தது என்ன? மாண்ட்ரியலில்தான் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு மாறியது. புல்லிலும் மண்ணிலும் வளர்ந்த ஆட்டம் அந்த வேகமான தரையில் தடுமாறியது. புதிய தரையைப் போட்டுப் பழக்க நமக்கு வெகுகாலம் ஆயிற்று. கபில் தேவ் அணி உலகக் கோப்பையைத் தூக்கியது 1983-ல், ஹாக்கி சரிந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு.

ஆஸ்திரேலியாவிலும் கிரிக்கெட் பைத்தியம் உண்டு. 1976-ல் அவர்களுக்கு ஒரு தங்கம்கூடக் கிடைக்கவில்லை. நாடே தலைகுனிந்தது. 1981-ல் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பாரிஸில் அவர்களுக்கு 18 தங்கம். அதற்காக அவர்கள் கிரிக்கெட்டைக் கைவிடவில்லை. கிரிக்கெட்டைத் திட்டிக்கொண்டிருப்பது எளிது. அதனால் ஒரு நீச்சல் குளம்கூடப் புதிதாக வராது.

4. "நாலாவது வந்தா என்ன, நாப்பதாவது வந்தா என்ன?"

எனக்கு அதிகம் வலிக்கும் பேச்சு இது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 விநாடியில் ஓடினார். வெண்கலம் பெற்றவர் 55.41. விநாடியில் நூறில் ஒரு பங்கு. அங்கே கிடைத்த சாப்பாடு தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கஞ்சியும் ஊறுகாயும்தான் கைகொடுத்தன என்று உஷாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உலகத்தின் நான்கு சிறந்த கால்களில் ஒன்றை நம்பி அனுப்பிய நாடு, அந்தப் பெண்ணுக்கு என்ன சாப்பிடக் கொடுப்பது என்று யோசிக்கவில்லை.

அந்த 55.42 தேசிய சாதனையாக நின்றது 39 ஆண்டுகள். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோவைப் பெண் வித்யா ராம்ராஜ் அதே 55.42-ஐ ஓடிச் சமன் செய்தார். 1960-ல் ரோமில் நான்காவதாக வந்த மில்கா சிங்கின் 400 மீட்டர் சாதனைக்கும் இதே கதைதான். 1998 வரை, 38 ஆண்டுகள், அதை முறியடிக்க ஆள் வரவில்லை. அன்று நான்காவது வந்தவர்கள் தங்கள் கடனைத் தீர்த்துவிட்டார்கள். நாம் வருந்த வேண்டியது அவர்களுக்குப் பின்னால் இரண்டு தலைமுறை காலியாகக் கிடந்ததற்கு.

2016 ரியோவில் தீபா கர்மாகர் 0.150 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். ஒலிம்பிக்ஸுக்குப் போன முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் பெண் அவர். பாரிஸில் ஆறு போட்டிகளில் நமக்கு நான்காம் இடம். மீராபாய் சானு, லக்‌ஷ்யா சென், அர்ஜுன் பாபுதா எல்லாரும் அந்தக் கணக்கில் வருகிறார்கள். ஆறு இடங்களில் உலகின் முதல் நால்வரில் ஒருவராக நிற்கும் நாட்டைத் திறமை இல்லாத நாடு என்று எப்படிச் சொல்வது?

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் அதே பாரிஸில் முதல் சுற்றிலேயே ஜப்பானின் யூயி சுசாகியை வீழ்த்தி இறுதிக்கு வந்தார். மறுநாள் காலை 100 கிராம் எடை கூடியிருந்ததால் தகுதியிழந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் டெல்லி ஜந்தர் மந்தரில் நீதி கேட்டுத் தெருவில் உட்கார்ந்திருந்தவர் அவர். டோக்கியோவில் சென்னைப் பெண் பவானி தேவி இந்தியாவின் முதல் ஒலிம்பிக் வாள்வீச்சு வீராங்கனையாக இறங்கி, முதல் ஆட்டத்தை 15-3 என்று வென்று, இரண்டாவதில் தோற்று, நாட்டிடம் மன்னிப்புக் கேட்டார். வாள் வாங்க வசதியில்லாமல் மூங்கில் குச்சியில் பழகியவர் மன்னிப்புக் கேட்கிறார் என்றால், அதைக் கேட்க வைத்தது நம்முடைய இந்தப் பேச்சுதான்.

5. "பாராலிம்பிக்ஸ் பதக்கத்தை இதில் சேர்க்கக் கூடாது"

இதைக் காஞ்சிபுரத்தில் சொல்லவே கூடாது. பாரிஸ் பாராலிம்பிக்ஸில் பாட்மின்டன் வெள்ளி வென்ற துளசிமதி முருகேசன் காஞ்சிபுரத்துப் பெண். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவர். அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அப்பா. அரையிறுதியில் அவரிடம் தோற்று, பின்னர் வெண்கலம் வென்ற மனிஷா ராமதாஸ் திருவள்ளூர்க்காரர். ஓசூரின் நித்யஸ்ரீ சிவனுக்கும் சேலத்து மாரியப்பன் தங்கவேலுவுக்கும் வெண்கலம். மாரியப்பனுக்கு அது ரியோ தங்கத்துக்கும் டோக்கியோ வெள்ளிக்கும் பிறகு மூன்றாவது பதக்கம்.

அங்கே போட்டிப் பிரிவுகள் அதிகம், அதனால் பதக்கம் எளிது என்பார்கள். பிரிவுகள் அதிகம் என்பது சரி. 2016 ரியோவிலும் ஐந்நூறுக்கு மேல் பிரிவுகள் இருந்தன. அங்கே இந்தியா வாங்கியது 4 பதக்கம். டோக்கியோவில் 19, பாரிஸில் 29, அதில் 7 தங்கம். எட்டே ஆண்டுகளில் நாலு இருபத்தொன்பதானது. மக்கள் மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை. பயிற்சி, உபகரணம், வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகும் வாய்ப்பு ஆகியவை முன்பைவிடக் கூடுதலாகக் கிடைத்தன. ரத்தத்தில் இல்லை என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் காணவில்லை. அந்தப் பதிலில் நம் ஊர்ப் பெண்ணின் பங்கும் இருக்கிறது.

6. "வெளையாட்டு சோறு போடுமா?"

தறிக்கூலியை நம்பிப் பிள்ளை வளர்க்கிறவர் கேட்கும் இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. விளையாடும் எல்லாருக்கும் விளையாட்டு சோறு போடாது. படிப்பும் எல்லாருக்கும் அப்படியே போட்டுவிடுவதில்லை. ஆனால் வழி இல்லை என்பது சரியல்ல. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, ராணுவம், காவல்துறை மூன்றும் வீரர்களை எடுக்கின்றன. பாரிஸில் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டோக்கியோவில் தொடர் ஓட்டத்துக்குப் போன நம் நாகநாதன் பாண்டி போலீஸ்காரர். பதக்கமே வராமல் போனாலும், பத்து வயதில் ஓடிப் பழகிய உடம்பு நாற்பது வயதில் நிற்கும். குழித்தறியில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து முதுகும் முழங்காலும் தேய்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆக, ஆறு வாதங்களையும் பார்த்தாகிவிட்டது. பதக்கக் குறைவு உண்மை, ஏமாற்றமும் நியாயம். ஆனால் அந்தக் குறைவு நம் பிள்ளைகளின் உடம்பிலோ மனத்திலோ இல்லை. வாய்ப்புக் கொடுத்த இடத்திலெல்லாம் அவர்கள் வென்று காட்டியிருக்கிறார்கள். குறை மைதானத்தில் இருக்கிறது, உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளியில் இருக்கிறது, கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டுவிடும் பி.டி. பீரியடில் இருக்கிறது.

அடுத்த ஒலிம்பிக்ஸ் 2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸில். அதற்குள் செவிலிமேட்டுக்காரர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பி.டி. ஆசிரியர் இருக்கிறாரா, மைதானம் இருக்கிறதா என்று எழுந்து கேளுங்கள். மாநகராட்சியின் பகுதி சபைக் கூட்டத்தில் வார்டுக்கு ஒரு விளையாட்டுத் திடல் கேளுங்கள். ஓட ஆசைப்படும் பெண் பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைக்காதீர்கள். "நம்ம ரத்தத்துல இல்ல" என்று மட்டும் அவள் காதுபட இனிமேல் சொல்லாதீர்கள்.