எந்த ஊர் இந்தப் பாளையம்?

‘தலைவெட்டியான் பாளையம்’ தொடரைக் குறை சொல்பவர்கள் எல்லாம் அதன் மூலமான இந்தி ‘பஞ்சாயத்’தைப் பார்த்துக் கிறங்கிப்போனவர்கள், அந்த மயக்கம் தெளியாமல் புலம்புகிறார்கள் என்று நண்பர் ஒருவர் எழுதித் தள்ளியிருக்கிறார். கிராமம் எங்கும் கிராமம்தான், நகைச்சுவையில் போய் அரசியல் தேடுவது ரசனைக் கோளாறு என்பவை அவருடைய மற்ற கண்டுபிடிப்புகள்.

ரசிகர்கள் என்ன சொன்னார்கள் என்பதை அவர் காதில் வாங்கியிருக்கலாம். ‘பஞ்சாயத்’தின் ஃபுலேரா கிராமத்தை மாற்றிவிட்டார்களே என்று யாரும் அழவில்லை. மாற்றவே இல்லையே என்பதுதான் புகார். 2020இல் வந்த முதல் பருவத்தை 2024 செப்டம்பரில் அதே எட்டு அத்தியாயங்களாக, ஏறக்குறைய காட்சிக்குக் காட்சி, திருநெல்வேலிப் பக்கம் இறக்கி வைத்தார்கள். மூலமும் அதே பிரைம் வீடியோவில்தான் கிடக்கிறது. இதைச் சுட்டிக்காட்டினால் அது மயக்கமாம்.

கிராமம் எங்கும் கிராமம்தானா? உத்தரப் பிரதேசத்தில் பஞ்சாயத்துச் செயலர் வேலை மாநில அளவில் தேர்வெழுதி வாங்குவது. எங்கோ வளர்ந்த பொறியியல் பட்டதாரி ஒருவன் பலியா மாவட்டத்து மூலையில் வந்து மாட்டிக்கொள்ள அங்கே வழி இருக்கிறது. ‘பஞ்சாயத்’ நாயகன் அபிஷேக் திரிபாதியின் எரிச்சலும், ராத்திரி விழித்து எம்பிஏ நுழைவுத் தேர்வுக்கு அவன் படிப்பதும் அதிலிருந்து முளைத்தவை. நம் ஊராட்சிச் செயலர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும். வருபவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், இல்லாவிட்டால் பக்கத்து ஊர். எந்த வீட்டில் எத்தனை வருட வரி பாக்கி, நூறு நாள் வேலைக்கு யாருடைய பெயர் மட்டும் வருகிறது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். ஊரே அவர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும். சென்னையிலிருந்து வந்து திருதிருவென்று முழிக்கும் தமிழ்த் தொடரின் செயலர் சித்தார்த்தை எந்த ஊராட்சி அலுவலகத்தில் நண்பர் பார்த்தார்?

இங்கே சிரிப்புக்கா பஞ்சம்? தமிழ்நாட்டில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஊராட்சிக் காசோலை செல்லும். இருவருக்கும் ஆகாதென்றால் தெருவிளக்குக்கு பல்பு வாங்குவதற்குள் ஊர் இரண்டுபட்டுவிடும். இந்த ஒரு கையெழுத்தை வைத்தே ஒரு பருவம் எழுதலாம்.

அடுத்து, அரசியல் வேண்டாம் என்ற உபதேசம். திரிபாதி, துபே, பாண்டே, சுக்லா: ‘பஞ்சாயத்’தின் முக்கிய ஆண்கள் நால்வரின் பெயரிலேயே சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித் தொடர் வாய் திறக்காவிட்டாலும் இந்திப் பார்வையாளனுக்கு விஷயம் புரிந்துவிடும். நாமோ பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதை எப்போதோ விட்டவர்கள். மூலத்தின் மௌனத்தை அப்படியே எடுத்துக்கொண்டதால், இங்கே அந்தக் குறிப்புகூட மிஞ்சவில்லை. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தனித்தொகுதி என்ற ஒரே காரணத்துக்காக 1996 முதல் 2006 வரை ஊராட்சித் தேர்தலை நடத்தவிடாத மாநிலத்தில், சாதியே இல்லாத ஒரு பாளையம்!

‘பஞ்சாயத்’தில் செயலர் வாங்கிவரும் சுழல் நாற்காலியை வைத்து ஓர் அத்தியாயம் முழுக்கச் சிரிக்க வைக்கிறார்கள். நம்மிடமும் ஒரு நாற்காலிக் கதை உண்டு. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவி தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியாகி நாடே பார்த்தது. இதைக் காமெடியாக்கச் சொல்கிறீர்களா என்று நண்பர் பதறக்கூடும். ஆமாம், உட்கார வைத்தவர்களைக் காமெடியாக்கச் சொல்கிறேன். நகைச்சுவைக்கு அதைவிட வேறென்ன வேலை?

அமெரிக்க ‘தி ஆஃபீஸ்’ தழுவல்தானே, மூலத்தைவிடப் பெரிதாக ஓடவில்லையா என்று தன் துருப்புச் சீட்டையும் இறக்கியிருக்கிறார். சீட்டைத் திருப்பிப் பார்க்காமலே இறக்கிவிட்டார். 2005இல் வந்த அதன் முதல் அத்தியாயம் பிரிட்டிஷ் வசனத்தைக் கிட்டத்தட்ட அப்படியே ஒப்பித்தது. பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டாவது அத்தியாயத்திலேயே சொந்தக் கதைக்குப் போனார்கள். அடுத்த பருவத்தில் மேலாளர் மைக்கேல் ஸ்காட்டின் கொடூரத்தைக் குறைத்து அவனை அன்புக்கு ஏங்கும் ஆளாக்கினார்கள். பிரிட்டிஷ் மூலத்தின் ஸ்லவ் நகரத்தை மறந்து ஸ்க்ரான்டனில் குடியேறிய பிறகுதான் அது 201 அத்தியாயம் ஓடியது. நண்பர் கொண்டுவந்த சாட்சி என் பக்கம் பேசுகிறது.

இதில் என்னை உண்மையிலேயே கடுப்பேற்றுவது வேறு. இயக்குநர் நாகா, சேத்தன், தேவதர்ஷினி மூவரும் 1990களின் பிற்பகுதியில் ‘விடாது கருப்பு’ தொடரைத் தந்தவர்கள். அதில் வரும் ஊரின் பேச்சும் பயமும் சாமியும் வேற்று மண்ணிலிருந்து இரவல் வாங்கியவை அல்ல. இந்தத் தொடரிலும் சேத்தனும் தேவதர்ஷினியும் வரும் இடங்களில் உயிர் இருக்கிறது, மறுக்கவில்லை. இந்த மண்ணின் ஊரை உயிரோடு காட்டத் தெரிந்த இவர்களின் கையில் வேற்று மண்ணின் ஊரின் நகலைத் திணித்தது ஏன் என்று கேட்டிருந்தால், ரசிகர்களைத் திட்டுவதைவிட உருப்படியான கட்டுரை ஒன்று நண்பருக்குக் கிடைத்திருக்கும்.